அறமும் அன்றாட வேலையும்: மீப் கீஸின் நினைவுநூல் குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மானியரின் பிடியில் இருந்த நாடுகளில் யூதர்களை மறைத்துவைத்துக் காத்தவர்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ‘சாதாரண மக்கள்’ என்னும் தொடரைக் கையாள்வர். அவர்கள் கடைக்காரர்கள், எழுத்தர்கள், உழவர்கள், இல்லத்தரசிகள், படைக்கலம் ஏந்தாதவர்கள், ஆயினும் தம் உயிரைப் பணயம் வைத்தவர்கள் என்பது அத்தொடரின் உட்பொருளாகும். இத்தொடர் பாராட்டாக ஒலிக்கிறதேயன்றி விளக்கமாக அமையவில்லை. கிறிஸ்டோபர் பிரவுனிங் 1992இல் வெளியிட்ட தம் வரலாற்று ஆய்வுக்கு ‘சாதாரண மனிதர்கள்’ என்றே பெயரிட்டார். அந்நூல் சுட்டும் சாதாரணர்களோ, போலந்தில் யூதர்களைச் சுட்டுக் கொன்ற ஜெர்மானியக் காவற்படைப் பிரிவொன்றைச் சேர்ந்த நடுத்தர வயதினர். காத்தவரும் சாதாரணர், கொன்றவரும் சாதாரணர் எனின், அச்சொல் எதனை உணர்த்துகிறது?

இவ்வினாவை மனத்திற்கொண்டு மீப் கீஸ் எழுதிய ‘ஆன் பிராங்க் ரிமெம்பர்ட்’ என்னும் நினைவுநூலை நாம் இங்கு ஆராய முற்படுகிறோம். ஆன் பிராங்கின் நாட்குறிப்பை விளங்கிக்கொள்ள உதவும் துணைநூலாகவே இது பெரிதும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. தனித்த ஒரு பனுவலாகக் கொண்டு வாசிக்கும்போது, காத்தவர் யாவர் என்பதைக் காட்டிலும் அவர்கள் நாள்தோறும் செய்த வேலை யாது என்பதையே இந்நூல் நமக்குக் காட்டுகிறது. இந்நூலின் சிறப்பும் அதுவே என்பது நம் கருத்து.

நூலாசிரியரும் பின்னணியும்

மீப் கீஸ் 1909ஆம் ஆண்டு வியன்னா நகரில் பிறந்தவர். முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரியாவில் நிலவிய பஞ்சத்தால் உடல் நலிவுற்ற குழந்தைகள் பலர் நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருவராக 1920 டிசம்பரில் லைடன் நகருக்கு வந்த மீப், அங்கு ஓர் உழைப்பாளர் குடும்பத்தால் வளர்க்கப்பட்டார். அவ்வீட்டில் ஏற்கெனவே பிள்ளைகள் பலர் இருந்தனர், வருவாயோ குறைவு. இருப்பதை மேலும் ஒருவருடன் பகிர்ந்துகொள்வதை அக்குடும்பத்தார் பெரிய செயலாகக் கருதவில்லை என்று நினைவுநூலின் தொடக்கப்பகுதி பதிவு செய்கிறது. பின்னாளில் அடைக்கலம் தந்தவர் முன்னாளில் அடைக்கலம் பெற்றவராக இருந்தார் என்பதை வாசகர் மனத்தில் இருத்த வேண்டும்.

1933இல் அவர் ஆம்ஸ்டர்டாமில் ஓட்டோ பிராங்க் நடத்திய ஒபெக்டா நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். 1940 மே மாதத்தில் ஜெர்மானியப் படை நெதர்லாந்தைக் கைப்பற்றியது. அப்போது அந்நாட்டில் ஏறத்தாழ 140,000 யூதர்கள் வாழ்ந்தனர். அவர்களுள் 100,000க்கும் மேற்பட்டோர் போர் முடிவதற்குள் கொல்லப்பட்டனர். மேற்கு ஐரோப்பாவில் மிகவும் உயர்ந்த அழிவு விகிதம் இதுவே. செம்மையாகப் பேணப்பட்ட மக்கட்பதிவேடு, ஆணைக்கு அடங்கிய அரசு இயந்திரம், மலையும் பெருங்காடும் அற்ற நிலப்பரப்பு ஆகியன இதற்குரிய காரணங்களுள் அடங்கும். ஒளிந்து வாழ்ந்தவர் 25,000 முதல் 30,000 வரை எனக் கணிக்கப்பட்டுள்ளது. அவர்களிலும் மூவரில் ஒருவர் ஏறக்குறைய அகப்பட்டனர்.

இத்தகைய சூழலில் 1942 ஜூலை 6ஆம் நாள் பிராங்க் குடும்பத்தார் பிரின்சன்கிராக்ட் 263ஆம் எண் கட்டடத்தின் பின்பகுதியில் மறைந்தனர். வான் பெல்ஸ் குடும்பத்தார் மூவரும், பிரிட்ஸ் பெப்பர் என்னும் பல் மருத்துவரும் பின்னர் வந்து சேர எண்மராயினர். 1944 ஆகஸ்டு 4ஆம் நாள் எண்மரும் கைது செய்யப்பட்டனர். அவர்களுள் உயிர் மீண்டவர் ஓட்டோ பிராங்க் ஒருவரே. மகள் ஆனின் நாட்குறிப்பை அவர் 1947இல் நூலாக்கினார். அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து, அமெரிக்க எழுத்தாளர் அலிசன் லெஸ்லி கோல்டின் துணையுடன், மீப்பின் நினைவுநூல் 1987இல் வெளிவந்தது.

அலுவலகமே களம்

பிறரைக் காத்தவர்களைப் பற்றிய கதைகளில் நாம் எதிர்பார்ப்பன நள்ளிரவுப் பயணங்களும் துணிகரத் தப்பித்தல்களும் ஆகும். இந்நூலில் அவை மிகக் குறைவு. நடப்பன பெரும்பாலும் அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் நடக்கின்றன. காலையில் மீப் மேலே சென்று தேவைப் பொருள்களின் பட்டியலைப் பெற்று வருவார். பின்னர்க் கடைகளில் வரிசையில் நின்று பொருள்களைச் சேகரித்து மீண்டும் மேலே கொண்டு சேர்ப்பார். காய்கறியும் இறைச்சியும் அவருடைய பொறுப்பு. பால் முதலானவற்றை எழுத்தர் பெப் வாஸ்கய்ல் கவனித்தார். விக்டர் கூக்லரும் யோகனஸ் கிளைமனும் நிறுவனத்தின் கணக்குகளைச் சீராக நடத்தி, மறைந்திருப்போர் உண்பதற்கான வருவாய்க்கு வழி செய்தனர். நகராட்சியின் சமூகநலப் பிரிவில் பணியாற்றிய மீப்பின் கணவர் யான், இரகசிய இயக்கத்தாரின் வழியாகப் பங்கீட்டு அட்டைகளைப் பெற்று வந்தார். மறைவிடத்தின் வாயிலை மறைத்த நூலடுக்கைச் செய்தவர் பெப்பின் தந்தையார்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது, இவர்கள் பயன்படுத்திய திறன்கள் யாவும் இவர்களுக்கு முன்பே கைவந்தவை என்பதாகும். பட்டியல் எழுதுதல், கணக்கு வைத்தல், பணியைப் பங்கிடுதல், நேரத்தைக் கடைப்பிடித்தல், வாடிக்கைக் கடைக்காரரோடு நல்லுறவு பேணுதல் முதலியன எழுத்தர் வாழ்க்கையின் அன்றாடக் கூறுகள். யூதர்களை அழித்தொழித்த ஏற்பாடும் பதிவேடு, பட்டியல், அட்டை, முத்திரை ஆகியவற்றைக் கொண்டே இயங்கியது என்பதை நினைவிற்கொண்டால் இதன் பொருள் மேலும் விளங்கும். ஒரே வகையான அலுவலகத் திறன் ஓரிடத்தில் மக்களை வண்டியேற்றப் பயன்பட்டது. மற்றோரிடத்தில் எட்டுப் பேரின் உலையில் உருளைக்கிழங்கை இட்டது. ‘சாதாரணம்’ என்னும் சொல்லால் இவ்விரண்டையும் வேறுபடுத்தவியலாது. திறன் எவருடைய பொருட்டுப் பயன்பட்டது என்பதைக் கொண்டே வேறுபடுத்தவியலும்.

ஆன் பிராங்கும் இதனை உணர்ந்திருந்தார். மீப் சுமை தூக்கும் விலங்கைப்போலப் பொருள்களைச் சுமந்து வருவதையும், சனிக்கிழமைதோறும் தாம் நூல்களுக்காகக் காத்திருப்பதையும் 1943 ஜூலையில் அவர் எழுதியுள்ளார். 1944 ஜனவரி 28ஆம் நாள் பதிவில், உதவுவோர் தம் சுமையைப் பற்றி ஒருபோதும் முறையிட்டதில்லை என்பதைக் குறிப்பிட்டு, போர்க்களத்து வீரத்தோடு அதனை ஒப்புநோக்குகிறார். பதினான்கு வயதினர் ஒருவர் எட்டிய இத்தெளிவைப் பிற்காலப் பாராட்டுரைகள் பல எட்டவில்லை.

கேளாமை என்னும் துணிவு

நூலின் நுண்மையான பகுதிகளுள் ஒன்று இறைச்சிக் கடை பற்றியது. மறைந்து வாழத் தொடங்குவதற்கு முன்பே ஹெர்மன் வான் பெல்ஸ் தமக்கு வேண்டிய இறைச்சிக் கடைக்காரரிடம் செல்லும்போதெல்லாம் மீப்பைத் தம்முடன் அழைத்துச் சென்றார். காரணம் அப்போது மீப்புக்கு விளங்கவில்லை. பின்னர் அவர் தனியே பட்டியலுடன் சென்று நின்றபோது, கடைக்காரர் அவர் முகத்தைக் கண்டு, கேள்வி எதுவும் கேளாமல் இறைச்சியைத் தந்தார். காய்கறிக் கடைக்காரரும் அத்தகையவரே. மீப் வாங்கும் அளவைக் கண்டு, தாமாகவே அவருக்கெனத் தனியே எடுத்துவைத்தார். 1944 மே மாதத்தில் அக்காய்கறிக் கடைக்காரர் தம் வீட்டில் யூதர் இருவரை மறைத்துவைத்ததற்காகக் கைது செய்யப்பட்டார். அச்செய்தியை ஆனின் நாட்குறிப்பும் பதிவு செய்துள்ளது.

இவர்கள் அனைவரையும் இணைத்தது கேளாமை ஆகும். இதனை அறியாமை எனக் கொள்ளலாகாது. அறிந்தும், அல்லது ஊகித்தும், வாய் திறவாதிருக்கும் பண்பு அது. பேசியவர்களும் அதே நகரில் இருந்தனர். 1943இல் ஆம்ஸ்டர்டாமில் இயங்கிய ஹென்னெய்க் குழுவினர், ஒளிந்திருக்கும் யூதர் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தால் 7.50 கில்டர் பெற்றனர். அவ்வாறு அவர்களால் பிடித்துக் கொடுக்கப்பட்டோர் ஆயிரக்கணக்கினர். அக்குழுவினரும் வேலை தேடி வந்த சாதாரண நகரவாசிகளே. இந்நிலையில் மௌனம் என்பது ஒன்றும் செய்யாதிருத்தல் ஆகாது. அதுவே ஒரு செயலாயிற்று.

மீப்பின் இல்லத்திலும் இம்மௌனம் இருந்தது. 1943இல் ஜெர்மானிய ஆட்சிக்குப் பற்றுறுதி அளிக்கும் பத்திரத்தில் ஒப்பமிட மறுத்த மாணவர் ஒருவரைக் கீஸ் தம்பதியர் தம் வீட்டில் மறைத்துவைத்தனர். பின்கட்டில் இருந்தோரிடம் அதனைச் சொன்னால், தம்மைக் காப்போருக்கு மேலும் ஓர் ஆபத்து என அவர்கள் கலங்குவர். ஆதலால் சொல்லாதிருந்தனர் என்று நினைவுநூல் கூறுகிறது. நாள்தோறும் அவர்களைப் பார்த்து எழுதிய ஆன் அறியாத செய்தி இது. நாட்குறிப்பின் எல்லை எங்கே முடிகிறது, நினைவுநூலின் தேவை எங்கே தொடங்குகிறது என்பதை இவ்விடம் காட்டுகிறது.

கேளாமையின் இறுதி வடிவம் வாசியாமை ஆகும். கைதுக்குப் பின் மீப்பும் பெப்பும் தரையில் சிதறிக் கிடந்த நாட்குறிப்பின் தாள்களைத் திரட்டினர். மீப் அவற்றைத் தம் மேசை இழுப்பறையில் வைத்தார், வாசிக்கவில்லை. ஒரு சிறுமியின் எழுத்து அவளுக்கே உரியது; அவள் திரும்பி வந்ததும் அவள் கையில் ஒப்படைக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். ஆன் இறந்த செய்தி 1945இல் உறுதியான பின்னரே அவற்றை ஓட்டோ பிராங்கிடம் அளித்தார். தாம் அப்போதே வாசித்திருந்தால், உதவியோரின் பெயர்களும் செயல்களும் அதில் இருந்தமையால் எரித்திருக்க நேர்ந்திருக்கும் என்று பின்னாளில் கூறினார். இன்று உலகம் வாசிக்கும் அந்நாட்குறிப்பு, அன்று ஒருவர் அதனை வாசியாதிருந்தமையால் நமக்குக் கிடைத்தது. இறைச்சிக் கடைக்காரரின் கேளாமையும் மீப்பின் வாசியாமையும் ஒரே பண்பின் இரு வெளிப்பாடுகள் என்று நாம் கொள்கிறோம். பிறருக்கு உரியதை அவருக்கே விட்டுவைக்கும் பண்பு அது.

ஓர் இரவு, இரு பதிவுகள்

1942ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆன் வேண்டிக்கொண்டமையால் மீப்பும் யானும் ஓர் இரவு மறைவிடத்தில் தங்கினர். இந்நிகழ்ச்சி இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. நாட்குறிப்பில் அது விருந்து. சிறப்பு உணவு ஏற்பாடாகிறது. பெண்பிள்ளைகள் தம் அறையை விருந்தினருக்கு விட்டுக்கொடுக்கின்றனர். நினைவுநூலிலோ அது உறக்கமற்ற இரவு. கோபுர மணியின் ஒவ்வோர் ஒலியையும் மீப் கேட்டுக் கிடக்கிறார். அதுவரை நாள்தோறும் வந்து சென்றும் உணராத அச்சத்தை அவ்விரவில்தான் உணர்கிறார்.

நினைவுநூலின் நேர்மைக்கு இப்பகுதியே சிறந்த சான்றாகும். பிறர் துன்பத்தைத் தாம் முழுதும் அறிந்திருந்ததாக நூலாசிரியர் உரிமை கொண்டாடவில்லை. மாலையில் வீடு திரும்பக்கூடியவருக்கும் திரும்பவியலாதவருக்கும் இடையே உள்ள தொலைவை அவர் ஒப்புக்கொள்கிறார். உதவுவதற்கு அத்தொலைவு தடையாக அமையவில்லை என்பதும் இங்குப் புலனாகிறது. அச்சத்தை முழுதும் உணர்ந்த பின் உதவத் தொடங்கியவர் அல்லர் அவர். உதவத் தொடங்கிய பின் உணர்ந்தவர்.

உதவத் தொடங்கிய கணமும் இவ்வாறே மிகச் சுருக்கமாகச் சொல்லப்படுகிறது. ஓட்டோ பிராங்க் தம் திட்டத்தைக் கூறி, உதவும் பொறுப்பை ஏற்க இயலுமா என்று வினவினார். மீப் உடனே இசைந்தார். மனப்போராட்டம் எதனையும் நூல் விவரிக்கவில்லை. யூதரைக் காத்த நானூற்றுக்கும் மேற்பட்டோரை நேர்கண்டு சாமுவேல் ஒலைனர், பேர்ல் ஒலைனர் இணையர் 1988இல் வெளியிட்ட ஆய்வும் இதனோடு ஒத்துச் செல்கிறது. காத்தவர்களுள் பெரும்பாலோர் தாமாக முன்வந்தவர் அல்லர். யாரேனும் கேட்டபோது மறுக்காதவர்கள் என்று அவ்வாய்வு காட்டியது. எனவே, காத்தல் என்னும் செயல் ஒருவரின் உள்ளத்தில் மட்டும் தோன்றுவதன்று. இருவருக்கிடையே நிலவிய நம்பிக்கையில் தோன்றுவது. ஓட்டோ பிராங்கும் மீப்பும் ஒன்பதாண்டுகளாக ஒரே அலுவலகத்தில் பணியாற்றியவர்கள். யாரிடம் கேட்கலாம் என்பதை அவ்வாண்டுகள் அவருக்கு உணர்த்தியிருந்தன.

நூலின் குறைகள்

இந்நூலைக் குறையற்றதாகக் கொள்ளவியலாது. நாற்பதாண்டு இடைவெளிக்குப் பின், மற்றோர் எழுத்தாளரின் துணையுடன் எழுதப்பட்டமையால், உரையாடல்கள் பல மீட்டுருவாக்கங்களே. சில இடங்களில் நடை அளவுக்கு மீறிச் சீராக ஓடுகிறது. அச்சமும் குழப்பமும் நிறைந்த நாள்கள் ஒழுங்கான காட்சிகளாக மாறிவிடுகின்றன. புகழ்பெற்ற நாட்குறிப்பை வாசித்த பின் எழுதப்பட்ட நினைவு என்பதால், எது மீப்பின் நினைவு, எது ஆனின் எழுத்து ஊட்டிய நினைவு எனப் பிரித்தறிதல் சில பகுதிகளில் அரிதாகிறது.

வேறொரு குறை நூலாசிரியரின் கையில் இல்லாதது. கிளைமன் 1959இலும், கூக்லர் 1981இலும், பெப் 1983இலும் மறைந்தனர். நூல் வெளிவந்தபோது உதவியோருள் எஞ்சியிருந்தவர் மீப்பும் யானும் மட்டுமே. ஆகவே பலர் பகிர்ந்து செய்த வேலை ஒருவர் குரலில் ஒலிக்கிறது. கூக்லரும் கிளைமனும் கைதாகி ஆமர்ஸ்போர்ட் முகாமுக்கு அனுப்பப்பட்டனர் என்பதையும், கைது செய்ய வந்த அதிகாரி தம்மைப்போல் வியன்னாவைச் சேர்ந்தவராக இருந்தமையாலேயே மீப் தப்பினார் என்பதையும் வாசகர் சேர்த்தே எண்ண வேண்டும். ஒரே செயலைச் செய்தவர்களுள் ஒருவர் தப்பியதும் இருவர் சிறைப்பட்டதும் தகுதியால் நேர்ந்தவை அல்ல.

இக்குறைகளை நூலே ஓரளவு அறிந்திருக்கிறது. தொடக்கத்திலேயே மீப் தம்மை வீராங்கனையாகக் கொள்ள வேண்டா என்கிறார். தம்மைப் போன்றும் தம்மினும் மிகுதியாகவும் செய்தோரின் நீண்ட வரிசையில் தம்மைக் கடைசியில் நிறுத்திக்கொள்கிறார். இதனை அவையடக்கம் என்று கொள்வது பிழை. உதவி செய்வோர் வீரராக இருத்தல் வேண்டும் என்று மக்கள் எண்ணத் தொடங்கினால், பிறகு உதவ முன்வருவோர் எத்தனை பேர் என்பதே அவர் பிற்காலத்தில் எழுப்பிய வினா. பாராட்டை மறுப்பதன்வழி அவர் வாசகரிடமிருந்து ஒரு சாக்குப்போக்கைப் பறித்துக்கொள்கிறார்.

அடைக்கலம் என்னும் சொல்

இந்நூலைத் தமிழில் பேசும்போது ‘அடைக்கலம்’ என்னும் சொல் இயல்பாகவே நம் நாவில் வருகிறது. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குல மூதாட்டி மாதரியிடம் அடைக்கலமாகக் கொடுக்கிறார். கோவலன் கொலையுண்டு, கண்ணகியும் பிரிந்த பின், தன் பொறுப்பில் வந்த அடைக்கலத்தை இழந்தேன் என்று மாதரி எரியில் புகுந்ததை வஞ்சிக் காண்டம் கூறுகிறது. எளிய குடியில் பிறந்த ஒருத்தி ஏற்ற பொறுப்பின் கனத்தைத் தமிழ் மரபு உணர்ந்திருந்தது என்பதற்கு மாதரி சான்று.

மீப்பும் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டோரை இழந்தவர். கைதுக்குப் பின் அவர் ஜெர்மானியக் காவல் தலைமையகத்துக்கே சென்று, பணம் கொடுத்து அவர்களை மீட்க முயன்றார், முயற்சி பலிக்கவில்லை. அவருடைய துயரம் எரியில் முடியவில்லை. 2010 ஜனவரியில் தம் நூறாம் வயதில் மறையும்வரை தொடர்ந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 4ஆம் நாளைத் தாமும் கணவரும் வீட்டிற்குள்ளேயே எவ்வாறு கழித்தனர் என்பதை நூலின் இறுதிப்பகுதி சொல்கிறது. காத்தவரின் கதை காத்ததோடு முடியும் என எதிர்பார்க்கும் வாசகருக்கு, காக்க இயலாமற்போனதோடு வாழ்ந்தவரின் கதையை இந்நூல் தருகிறது.

முடிவுரை

இஸ்ரேலின் யாத் வாஷெம் நிறுவனம் 1963 முதல் இத்தகையோரை இனங்கண்டு சிறப்பித்து வருகிறது. அப்பட்டியல் 28,000 பெயர்களைக் கடந்துள்ளது; அவர்களுள் ஏறத்தாழ 6,000 பேர் நெதர்லாந்தினர். மீப்பும் யானும் 1972இல் அச்சிறப்பைப் பெற்றனர். எனினும் பொதுமக்களின் ஆர்வம் காட்டிக்கொடுத்தவர் யார் என்னும் புதிரையே நாடுகிறது. 2022இல் அப்புதிரை விடுவித்ததாகக் கூறி வெளிவந்த நூலொன்றை, வரலாற்றாய்வாளர்களின் கடும் மறுப்புக்குப் பின் அதன் டச்சுப் பதிப்பகம் திரும்பப் பெற்றது. காட்டிக்கொடுத்தவர் ஒருவரைத் தேடுவதில் செலவிட்ட உழைப்பில் ஒரு பகுதியேனும், ஏறத்தாழ ஈராண்டுக்காலம் எண்மருக்கு உணவு வந்தது எவ்வாறு என்பதை ஆராயச் செலவிடப்படுமாயின் பயன் மிகும்.

வகுப்பறையில் இந்நூலைக் கையாளும் ஆசிரியர்களுக்கு ஒன்றைப் பரிந்துரைக்க விழைகிறோம். ‘மீப்பின் வீரத்தை விளக்குக’ என்று வினவுவதற்கு மாறாக, ‘ஒரு வாரத்தில் மீப் செய்த வேலைகளைப் பட்டியலிடுக, அவற்றுள் எவை பிறர் ஒத்துழைப்பின்றி நடந்திரா?’ என்று வினவலாம். மாணவர் முதலில் கூடையையும் பட்டியலையும் பங்கீட்டு அட்டையையும் காண்பர். பின்னர்க் கேள்வி கேளாத கடைக்காரரைக் காண்பர். அவ்வாறு கண்டபின் அறம் என்பது தமக்கு எட்டாத உயரத்தில் இருப்பது என்று அவர்கள் சொல்வதற்கு இடமிராது. மீப் கீஸ் தம் நூலால் வேண்டியதும் அதுவே எனலாம்.